சென்னையின் வாடிக்கைச் சாப்பாடு

சென்னையில் வெளியே சாப்பிடுகிறவர்களில் பலர் மூன்று நான்கு கடைகளை வரித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவற்றையே நாடுகிறார்கள். காலை இட்லிக்கு ஒன்று, மதிய இலைச் சாப்பாட்டுக்கு ஒன்று, சாயங்காலக் காப்பிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஒன்று என்று இந்தப் பட்டியல் அமையும். ஊர் முழுக்கக் கடைகள் இருந்தும் கால்கள் அந்த வாசலுக்கே போகும். கடைக்காரர்கள் இதை வாடிக்கை என்கிறார்கள்.

இன்று இது நாக்கின் தேர்வாகத் தெரிகிறது. ஆனால் இந்த வழக்கம் உருவான காலத்தில் நாக்குக்கு அதில் பங்கு குறைவு. சாதி, சொந்த ஊர், மாதச் சம்பளம், நடந்து போகும் தூரம் ஆகிய நான்குமே ஒருவர் எங்கே சாப்பிடலாம் என்பதை முடிவு செய்தன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் அந்தக் கட்டாயங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கட்டாயமாகத் தொடங்கியது விருப்பமாக மாறிய கதையே சென்னை வாடிக்கையின் வரலாறு.

சத்திரமும் தின்பண்டக் கடையும்

சமைத்த பண்டத்தை விற்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் அப்பம் சுடுகிறார்கள். மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையின் கடைத்தெருவில் பகலிலும் இரவிலும் தின்பண்டம் விற்கிறது. சிலப்பதிகாரத்துப் புகாரிலும் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டும் அப்பமும் விற்போருக்கு இடம் உண்டு. ஆனால் இவையெல்லாம் சிறு பண்டங்கள். உட்கார்ந்து வயிறு நிறைய உண்ணும் சோறு நெடுங்காலம் விலைப்பொருளாக இருக்கவில்லை. வீட்டிலோ விருந்திலோ தானத்திலோதான் அது கிடைத்தது. பட்டினப்பாலை பேசும் அட்டில்சாலை, சோழர் காலக் கோயில் சாலைகள், மடங்கள், பின்னாளில் வந்த சத்திரங்கள் யாவும் தானத்தில் நடந்தவை.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் வரிசையாகச் சத்திரங்களைக் கட்டினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெயர்பெற்றது. வழிப்போக்கருக்கும் யாத்திரிகருக்கும் அங்கே சோறு இலவசம். ஆனால் சாதிக்கேற்ப இடமும் பந்தியும் வேறு. வந்தவர் உண்டு இளைப்பாறிப் போய்விட வேண்டியவர். அங்கே அன்றாடம் வந்து உண்ண இடமில்லை. ஆகவே சத்திரம் பசியைத் தீர்த்தாலும் வாடிக்கையை உண்டாக்கவில்லை.

விலைக்குச் சோறு விற்பதற்குப் பெரிய தடையாக இருந்தது தீட்டு. உணவு எப்படிச் சமைக்கப்பட்டது என்பதைவிட யார் சமைத்தார் என்பதே முதல் கேள்வி. பிராமணர் சமைத்ததைப் பிற சாதியினர் ஏற்பார்கள். பிறர் சமைத்ததைப் பிராமணர் தொடமாட்டார். சமூகப் படிநிலையின் இந்த விதி, கடை வைக்க முனைந்தவருக்கு வணிகக் கணக்காகவும் ஆனது. சமையற்காரர் பிராமணராக இருந்தால், யார் உள்ளே வந்தாலும் கல்லாவில் காசு விழும். சென்னையின் முதல் தலைமுறைச் சைவ ஹோட்டல்கள் இந்தக் கணக்கின் மேல்தான் நின்றன.

ரயிலும் கச்சேரியும் காப்பியும்

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1862இல் உயர் நீதிமன்றம் வந்தது. கோட்டை அலுவலகங்கள், துறைமுகம், வெள்ளைக்கார கம்பெனிகள், அச்சகங்கள், கல்லூரிகள் எல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களைக் கேட்டன. தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து அவர்கள் வந்திறங்கினர். 1901 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை சுமார் 5 லட்சம்; 1951இல் அது 14 லட்சத்தைத் தொட்டது. எல்லை விரிவும் அதில் ஒரு காரணம் என்றாலும், பெரும்பகுதி பிழைக்க வந்தவர்களால் கூடிய தொகை.

இவர்களில் பலர் திருமணமாகாதவர்கள்; ஆனவர்களும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். சமைக்கத் தெரியாது, தெரிந்தாலும் வாடகை அறையில் அடுப்பு மூட்ட முடியாது. உறவினர் வீட்டில் எத்தனை நாள் தங்குவது? அன்றாடம் இரண்டு வேளைச் சோறு விலைக்கு வேண்டும் என்ற கூட்டம் இப்படித்தான் முதன்முதலாகத் திரண்டது. கோட்டைக்கும் மாநிலக் கல்லூரிக்கும் அருகிலிருந்த திருவல்லிக்கேணியில் இந்தக் கூட்டம் அடர்ந்தது. மாதச் சம்பளக்காரர்களின் அந்தப் பேட்டையில்தான் 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. மளிகையைக் கூட்டாக வாங்கிச் சிக்கனம் செய்ய நினைத்த அதே வர்க்கம்தான் மெஸ்களின் இலைகளையும் நிரப்பியது.

சோற்றைவிட வேகமாகப் பரவியது காப்பி. நீராகாரத்தில் விடிந்த காலைகளைக் காப்பி பிடித்துக்கொண்ட விதத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உடலைக் கெடுக்கும், பணத்தை விழுங்கும், பழைய ஒழுங்கைக் குலைக்கும் என்று அக்காலப் பத்திரிகைகள் காப்பியை வைதன. அந்த வசவுகளை மீறி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களில் காப்பி கிளப்புகள் பெருகின. காப்பி, இட்லி, தோசை, உப்புமா, கொஞ்சம் பலகாரம். அவ்வளவுதான் அங்கே கிடைக்கும். தஞ்சை மாவட்டத்து ஐயர்களும் பாலக்காட்டுச் சமையற்காரர்களும் இந்தத் தொழிலில் முன்னால் நின்றனர். 1940களில் புதுமைப்பித்தன் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் பிராட்வே பக்கம் வந்து இறங்குகிறார். அவருக்குக் கிடைக்கும் முதல் உபசாரம் ஹோட்டல் காப்பிதான். அதில் சிக்கரி கலப்பதும் கேலிக்கு உள்ளாகிறது. யாரையாவது சந்தித்தால் காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போவது அதற்குள் நகரத்தின் இயல்பாகியிருந்தது.

உடுப்பிக்காரர்கள்

காப்பி கிளப்பை ஹோட்டலாக வளர்த்ததில் தென் கன்னடத்து உடுப்பிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உடுப்பி கிருஷ்ணர் கோயிலை எட்டு மடங்கள் சுழற்சி முறையில் நிர்வகிக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பு கைமாறும். அன்றாட அன்னதானமும் பெருவிருந்துகளும் அந்தக் கோயிலின் வழக்கம். நூற்றுக்கணக்கானோருக்கு நேரம் தவறாமல், சுவை மாறாமல் சமைக்கும் பயிற்சி அங்கே தலைமுறை தலைமுறையாக வந்தது. நிலம் குறைந்த குடும்பங்களின் பையன்கள் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு மைசூர், பம்பாய், சென்னை என்று புறப்பட்டனர்.

அவர்களில் ஒருவர் கே. கிருஷ்ணா ராவ். சிறு வயதில் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்துப் பிறகு சென்னைக்கு வந்து ஹோட்டல் எடுபிடியாகத் தொடங்கியவர். 1920களில் சொந்தமாகக் கடை நடத்தலானார். மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் அவருடையது. 1938இல் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் திறந்தார். 1952இல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962இல் கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்க நிலத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிடலாம் என்பது அன்றைய சென்னைக்கு அதிசயம். மைசூரில் தொழிலைத் தொடங்கிய தாசப்பிரகாஷ் குடும்பம் 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பெரிய ஹோட்டலை எழுப்பியது.

உடுப்பி ஹோட்டல்கள் வாடிக்கையின் தன்மையை ஓரளவு மாற்றின. பழைய கிளப்புகளில் சாப்பிடுபவர் பெரும்பாலும் கடைக்காரரின் ஊர்க்காரர், சாதிக்காரர் அல்லது தெருக்காரர். உடுப்பி ஹோட்டலில் கடைக்காரர் பேசுவது கன்னடமோ துளுவோ. வருபவர் தமிழரோ தெலுங்கரோ குஜராத்தியோ. ஊர்ப் பாசத்துக்கு அங்கே வேலை குறைந்தது. பளிங்கு மேசை, சுத்தமான டபரா, விலை எழுதிய பலகை, கேட்டதும் வரும் ரோஸ்ட் ஆகியவை அந்த இடத்தைப் பிடித்தன.

இன்னொரு திசையிலிருந்தும் ஆள் வந்தார்கள். வடக்கே மதுராவிலிருந்து வந்த குப்தா குடும்பம் 1948இல் திருவல்லிக்கேணியில் ரத்னா கபேயை நிறுவியது. இட்லியை மூழ்கடித்துச் சாம்பாரை ஊற்றும் அந்தக் கடையின் முறை, இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்ளும் துணை என்ற நிலையை மாற்றிச் சாம்பாரையே முதன்மையாக்கியது. தலைமுறைகள் கடந்தும் சாம்பாருக்காகவே அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாதச் சாப்பாடு

வாடிக்கை என்ற உறவு மிக இறுக்கமாக வேரூன்றியது மெஸ்ஸில். மெஸ் என்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்கட்டு. குடும்பம் பின்கட்டில் இருக்கும். கூடத்தில் பெஞ்சும் இலையும் போடப்படும். கணவரை இழந்த பெண்கள் பிழைப்புக்காக நாலைந்து பேருக்குச் சமைத்துப் போட, அதுவே மெஸ்ஸாக வளர்ந்ததும் உண்டு. திருவல்லிக்கேணியில் தனியாட்களுக்கு அறை வாடகைக்கு விடும் மேன்ஷன்கள் பெருகப் பெருக, அவற்றைச் சுற்றி மெஸ்களும் பெருகின. அறையில் அடுப்புக்கு அனுமதி இல்லாதது மெஸ்காரருக்கு நிரந்தர வருமானம்.

பணம் கட்டும் முறை எளியது. மாதத் தொடக்கத்தில் சம்பளம் வந்ததும் முன்பணம் கட்டினால் ஒரு டிக்கெட் புத்தகம் கிடைக்கும். வேளைக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இலையில் உட்கார வேண்டும். ஊருக்குப் போனால் சீட்டு மிஞ்சும். அதை நண்பரிடம் தள்ளிவிடலாம். டிக்கெட் இல்லாத இடங்களில் நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு நேரே குறி போடுவார்கள். மாதக் கடைசியில் கணக்கு. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என இரண்டு வகை. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அடுக்குக் கேரியரில் போகும் எடுப்புச் சாப்பாடு மூன்றாவது வகை. ஒரு எடுப்பில் இருவர் பசியாறுவது வழக்கம் என்பதால் சிக்கனக்காரர்கள் அதை விரும்பினர். பல மெஸ்களில் ஞாயிறு மதியம் பாயசமும் அப்பளமும் உண்டு. அன்று இரவு அடுப்புக்கு ஓய்வு.

மெஸ்காரருக்கு இந்த முறையில் மூன்று லாபம். நாளைக்கு எத்தனை இலை விழும் என்பது முந்தின நாளே தெரியும். அதனால் சோறு மிஞ்சாது, பற்றாமலும் போகாது. முன்பணம் கையில் இருப்பதால் அரிசி, பருப்பு, விறகை மொத்தமாக வாங்கலாம். விளம்பரத்துக்குச் செலவில்லை; மேன்ஷனில் ஒருவர் காலி செய்து போனால் அவர் அறைக்கு வருகிறவர் பக்கத்து அறைக்காரர் காட்டும் மெஸ்ஸுக்கே வருவார்.

சாப்பிடுகிறவருக்கு இது லாபமும் கட்டுப்பாடும் சேர்ந்தது. சம்பளம் கரைந்த இருபதாம் தேதிக்குப் பிறகும் சோறு நிச்சயம். ஆனால் கட்டிய பணம் ஒரே வாசலில் முடங்கிவிடுவதால் வேறு இடத்தில் சாப்பிட்டால் இரட்டைச் செலவு. கடன் சொல்லிச் சாப்பிடுகிறவருக்கோ பாக்கி தீரும்வரை கடை மாற முகம் இராது. இன்று பற்று என்று போற்றப்படும் வாடிக்கைக்குப் பின்னால் இப்படிப் பணம் கட்டிய முடிச்சும் இருந்தது.

நாள்பட்ட பழக்கம் அந்த முடிச்சின்மேல் வேறொன்றை வளர்த்தது. யாருக்கு ரசம் இரண்டாம் முறை வேண்டும், யார் மோர் தொடமாட்டார், யார் சாதத்தைக் குழைவாகக் கேட்பார் என்பதெல்லாம் பரிமாறுகிறவருக்கு மனப்பாடம். காய்ச்சலில் கிடப்பவருக்கு மிளகு ரசமும் கஞ்சியும் அறைக்கே போகும். ஊரிலிருந்து அப்பா வந்தால் மகனின் மெஸ்காரரைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். வீடு இல்லாத நகரத்தில் வீட்டின் சில கடமைகளை மெஸ் ஏற்றுக்கொண்டது. ருசி என்பது அதற்குப் பிறகு வந்தது. ஒரே கைச் சமையலை ஐந்து ஆண்டு சாப்பிட்ட நாக்கு அதையே அளவுகோலாக்கிக்கொண்டது.

இந்த உலகில் பெண்களுக்கு இடமில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹோட்டலில் தனியே உட்கார்ந்து சாப்பிடும் பெண் அரிது. ஹோட்டல்கள் பெண்களுக்கும் குடும்பத்தினருக்கும் திரை போட்ட தனி அறையை ஒதுக்கின. மெஸ்ஸில் அதுவும் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் எண்ணிக்கை கூடியபோதும் அவர்களுக்கான சாப்பாடு விடுதிகளுக்குள்ளேயே நின்றது. வாடிக்கையாளர் என்ற சொல்லுக்கு நெடுநாள் ஆண் என்றே பொருள்.

பலகையும் பந்தியும்

ஹோட்டல் வாசலில் ‘பிராமணாள்’ என்று எழுதிய பலகை உள்ளே யார் சமைக்கிறார்கள் என்பதைச் சொன்னது. பல இடங்களில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. பிராமணருக்கு ஓர் அறை, மற்றவருக்கு ஓர் அறை; தாழ்த்தப்பட்டோருக்கு உள்ளே இடமே இல்லை. பொதுப் பணத்தில் ஓடிய ரயில்வேயின் நிலைய உணவகங்களிலும் இந்தப் பிரிவு இருந்தது. சுயமரியாதை இயக்கம் அதை விடாமல் கண்டித்தது. 1941இல் தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற தனித்தனி இடங்கள் ஒழிந்தன.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு, சாதி மத அடிப்படையில் கடைகளிலும் உணவகங்களிலும் ஒருவரை அனுமதிக்க மறுப்பதைத் தடை செய்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. உள்ளே நுழையும் உரிமை கிடைத்த பின்னும் பலகைகள் தொங்கின. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகையை எதிர்த்துப் பெரியார் மறியலைத் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் அணிவகுத்துச் சென்று கைதாயினர். போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. 1958இல் அந்தப் பெயர் நீங்கியது. மற்ற ஹோட்டல்களிலும் அந்தச் சொல் படிப்படியாக மறைந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைத் தம்ளர் அதற்குப் பிறகும் பல்லாண்டு நீடித்தது. நகரத்து ஹோட்டலில் மட்டும் யார் எந்த மேசையில் என்ற கேள்வி வலுவிழந்தது.

1958இல் வந்த உணவு நிறுவனங்கள் சட்டம் ஹோட்டல் தொழிலாளரின் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அதுவரை சர்வரும் சமையற்காரரும் கடையிலேயே உண்டு, கடையிலேயே படுத்து, விடியுமுன் எழுந்து வேலை பார்த்தவர்கள். வாடிக்கையாளரின் ருசியை நினைவில் வைத்திருந்த அந்த ஆட்களின் உழைப்பு சட்டத்தின் கண்ணில் பட்டது அப்போதுதான்.

மிலிட்டரி ஹோட்டலும் பிரியாணியும்

சைவ ஹோட்டலின் வரலாறே சென்னைச் சாப்பாட்டின் வரலாறு ஆகிவிடாது. கறிச்சோறு விற்கும் கடைகள் மிலிட்டரி ஹோட்டல் என்ற பெயரில் தனியே வளர்ந்தன. இஸ்லாமியர் நடத்திய பிரியாணிக் கடைகள் திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் நிலைபெற்றன. 1951இல் ஏ. எம். புகாரி மவுண்ட் ரோட்டில் தொடங்கிய புகாரி ஹோட்டல், அசைவ உணவை நகரின் பிரதான சாலையில் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுவந்து வைத்தது. 1965இல் தாங்களே முதன்முதலில் பரிமாறியதாக அந்த ஹோட்டல் சொல்லும் சிக்கன் 65 இன்று நாடெங்கும் கிடைக்கிறது.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்தது முனியாண்டி விலாஸ். திருமங்கலம் அருகே உள்ள வடக்கம்பட்டியைச் சேர்ந்தவர்கள் 1930களில் காரியாபட்டியில் சிறு கடையாகத் தொடங்கிய தொழில் இது. ஊரின் காவல் தெய்வம் முனியாண்டியின் பெயரே கடைப் பெயர். முதலில் வேலைக்குச் சேர்ந்த உறவினர் தொழில் கற்றுக்கொண்டு வேறு ஊரில் அதே பெயரில் கடை திறப்பார்; கிளை பெருகியது இப்படித்தான், ஒரே முதலாளியின் கீழ் அல்ல. ஆண்டுதோறும் தை மாதத்தில் உரிமையாளர்கள் ஊர் திரும்பி முனியாண்டிக்கு விழா எடுக்கிறார்கள். பிரசாதமாக ஆட்டுக்கறிப் பிரியாணி வழங்கப்படுகிறது. வெளியூர் பயணத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நம்பி நுழைவது லாரி ஓட்டுநருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் பழக்கமானது.

1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி வணிகம் தொடங்கினர். அவர்களோடு அத்தோவும் மொய்ங்காவும் பேஜோவும் வந்தன. தள்ளுவண்டியில் பிசைந்து கொடுக்கும் அந்தப் பர்மிய நூடுல்ஸ் முதலில் அகதிகளின் ஏக்கத்தைத் தீர்த்தது. பிறகு பாரிமுனையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் சாயங்கால வாடிக்கையானது.

கடல் கடந்த வாடிக்கை

இதே முறை தமிழர் பிழைக்கப் போன ஊர்களிலும் தோன்றியது. பம்பாய் மாட்டுங்காவில் தென்னிந்திய எழுத்தர்கள் குடியேறியதைத் தொடர்ந்து அங்கே போர்டிங்குகள் திறக்கப்பட்டன. 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் அவற்றில் ஒன்று. இன்றும் இலைச் சாப்பாடு போடுகிறது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கோமள விலாஸ் 1947இல் தொடங்கியது. குடும்பம் ஊரில், வருமானம் கப்பல் கூலியிலோ கம்பெனிச் சம்பளத்திலோ, சமையலறை இல்லாத அறை என்ற அதே மூன்று நிலைமைகள் கூடிய இடத்திலெல்லாம் அதே விளைவு தெரிந்தது. ஆகவே வாடிக்கையைச் சென்னை மண்ணின் தனிக் குணம் என்று கொள்வதைவிட, தனியாளாகப் புலம்பெயர்ந்த உழைப்பாளியின் ஏற்பாடு என்று கொள்வதே பொருந்தும்.

கிளைகளின் காலம்

1981இல் கே.கே. நகரில் சரவண பவன் திறக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டில் அது நகரெங்கும் கிளை விட்டு, 2000இல் துபாய்க்கும் போனது. எந்தக் கிளையில் நுழைந்தாலும் அதே சாம்பார், அதே சட்னி என்பதே அதன் வாக்குறுதி. அதைப் பின்பற்றி வேறு சைவத் தொடர்களும் வளர்ந்தன. இதனால் வாடிக்கை ஒரு வாசலிலிருந்து ஒரு பெயருக்கு இடம்பெயர்ந்தது. வாடிக்கையாளரின் முகம் சர்வருக்குத் தெரியாது. கடையின் முகப்பு வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் போதும். பெண்களும் குழந்தைகளும் குடும்பமாக வந்து உட்கார்ந்தது இந்தக் கடைகளில்தான் பெருமளவில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு வெளியே சாப்பிடுவது நடுத்தரக் குடும்பத்தின் வழக்கமானதும் இக்காலத்தில்தான்.

அதே காலத்தில் பழைய இடங்கள் மூடத் தொடங்கின. நிலத்தின் விலை தோசை விற்ற லாபம் எட்டாத உயரத்துக்குப் போனது. குத்தகைகள் முடிந்தன. அடுத்த தலைமுறை வேறு தொழிலுக்குப் படித்துப் போனது. உடுப்பியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஆள் வருவது நின்றது. இன்று பல சமையலறைகளில் வேலை செய்கிறவர்கள் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். தாசப்பிரகாஷ் மூடப்பட்டது. எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் வழக்கறிஞர்களும் மணிக்கணக்கில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு பேசிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடியது. அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் வந்த புதிய உழைப்பாளிகளுக்கு மெஸ் கட்டணமும் எட்டவில்லை. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்திய அங்கே இட்லி 1 ரூபாய்க்கும் தயிர் சாதம் 3 ரூபாய்க்கும் சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் கிடைத்தன. சத்திரத்தின் தர்மமும் மெஸ்ஸின் அன்றாட ஒழுங்கும் அரசின் கையில் ஒன்றாயின. 2020 மார்ச் ஊரடங்கில் உணவகங்கள் பார்சலுக்கு மட்டும் திறக்கலாம் என்றானபோது அம்மா உணவகங்களே பலருக்கு ஒரே சோற்று வாசல். ஸ்விகி, சொமேட்டோ வழியே வீட்டுக்கு வரவழைக்கும் பழக்கமும் அந்த மாதங்களில் இறுகியது. வாசலுக்கே போகாமல் வாடிக்கையாளராக இருப்பது இப்போது முடிகிறது.

நிலைத்தவற்றின் இயல்பு

இத்தனைக்கும் பிறகு நிலைத்து நிற்கும் கடைகளில் சில பொதுவான இயல்புகளைக் காணலாம். முதலாவது, சிறிய பட்டியல். மயிலாப்பூர் அருண்டேல் தெருச் சந்தில் உள்ள ராயர் மெஸ்ஸில் இட்லி, பொங்கல், வடை, தோசை, போண்டா என எண்ணி முடிக்கும் பண்டங்கள்தான். கெட்டிச் சட்னிக்காகவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். கபாலீசுவரர் கோயில் பக்கத்து ஜன்னல் கடையில் உட்கார இடமே கிடையாது. வீட்டு ஜன்னல் வழியே இட்லியும் தோசையும் கைமாறும். இரண்டாவது, கண்டிப்பான நேரம். மாவு தீர்ந்தால் கடை மூடும். பின்னால் வந்தவர் நாளை வர வேண்டும். திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் முதலில் டோக்கன், பிறகு காத்திருப்பு, பிறகுதான் இலை. மூன்றாவது, ஒரே குடும்பத்தின் கை. கிழக்கு மாட வீதிக் கற்பகாம்பாள் மெஸ் போன்ற இடங்களில் சமையலின் பக்குவம் எழுதி வைக்கப்பட்டதல்ல. பார்த்துப் பழகி வருவது. நான்காவது, சொந்தக் கட்டடமோ பழைய வாடகையோ. சாம்பாரின் மணம் எவ்வளவு இருந்தாலும் வாடகையைத் தாங்காத கடை நீடிப்பதில்லை.

இந்த நான்கும் அந்தக் காலத்து மெஸ்ஸின் நெருக்கடிகளிலிருந்து பிறந்தவை. முதல் குறைவு என்பதால் பட்டியல் சிறிதானது. ஆள் குறைவு என்பதால் நேரம் சுருங்கியது. கூலி கொடுக்க வழியில்லாததால் குடும்பமே அடுப்படியில் நின்றது. வீட்டின் முன்கட்டே கடை என்பதால் வாடகைச் சுமை இல்லை. அன்று வறுமையின் அடையாளங்களாக இருந்தவை இன்று நம்பகத்தின் அடையாளங்களாக வாசிக்கப்படுகின்றன.

வாடிக்கையாளர் பக்கமும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. சாதிப் பலகை இறங்கியதும் அடுத்த தெரு மெஸ் திறந்தது. மாத முன்பணம் மறைந்ததும் வேறு கடைக்குப் போகும் செலவு குறைந்தது. பேருந்தும் இருசக்கர வண்டியும் வந்ததும் நடைதூரம் எல்லையாக இல்லை. கட்டுகள் தளர்ந்த பின்னும் மூன்று நான்கு கடைகளையே நாடும் பழக்கம் போகவில்லை. தாத்தாவுக்கு அது சம்பளமும் சாதியும் அனுமதித்த இடம். பேரனுக்கு அது தானே தேடி உறுதிசெய்த இடம். சில குடும்பங்களில் இரண்டும் ஒரே கடையாக இருப்பதற்குக் காரணம், கட்டாயத்தில் பழகிய ருசியே பிள்ளைகளுக்கு நல்ல ருசியின் இலக்கணமாக வந்து சேர்ந்ததுதான்.